ஐஸ் உருகாமலிருக்க ஒரு நேர்ச்சை

“ஐஸ் உருகப்பிடாதுன்னு மாதாவுக்கு நேர்ச்சை வச்சிருக்கேன்.”

தக்கலையிலிருந்து குளச்சல் போகும் பேருந்து. சந்தையில் மீன் விற்றுத் திரும்பும் இரண்டு பெண்கள், மடியில் காலி மீன்பாத்திரமான சருவத்தோடு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“மீனெல்லாம் வித்தாச்சே ஏட்டி, பின்ன எதுக்கு ஐஸு?”

“அமெரிக்காவுல எங்க அண்ணனுக்க மவ காலேஜ் டீமுல ஐஸ் ஹாக்கி வெளையாடுதால்லா? கோல் காக்கது அவதான். நாளைக்கு ஜெயிச்சாத்தான் பெரிய டோர்னமெண்டுக்குப் போவ முடியும். தோத்தா அதோட தீந்து. அவளுக்கு இது கடைசி வருசம்.”

“யம்மா! பெட்டியில ஐஸ் அள்ளுனாலே நமக்கு வெரலு மரத்துப் போவுது. அவ அதுக்க மேல நிக்காளா?”

“நிக்கது மட்டுமா? கருப்பு ரப்பர் வட்டு ஒண்ணு குண்டு மாதிரி பாஞ்சு வரும். நெஞ்சக் குடுத்துத் தடுப்பா. வீடியோவுல பாத்த நானே கண்ண மூடிட்டேன். அவ மூடல்ல.”

கேட்டவள் மடியிலிருந்த சருவத்தைத் திருப்பி வைத்தாள்.

“ஏட்டி, ஐஸ் உருகாம இருந்தா எதிர் டீமுக்கும் நல்லதுதானே?”

அத்தைக்காரி சருவத்தோடு எழுந்துவிட்டாள்.

“கண்டக்டரே, மாதா கோயில் நடையில நிறுத்தும்! வட்டு அவளத் தாண்டப்பிடாதுன்னு மாத்திச் சொல்லணும்.”

பேருந்தின் காய்ந்த தரையில், இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தபடி தள்ளாடிக்கொண்டிருந்த நான், மரியாதையோடு ஒதுங்கி வழிவிட்டேன்.