பச்சைச் சரி

பச்சை நிறத்தில் ஒரு சரிக் குறி விழுந்தால் மனிதருக்கு மனம் ஆறிவிடுகிறது. இணையப் படிவங்கள் செய்து பிழைக்கிற எனக்கு அது நன்றாகத் தெரியும், ஐயா.

கிளிநொச்சியில் சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்துக்குப் பதிவுப் படிவம் செய்து கொடுத்தவன் நான். ‘அனுப்பு’ என்பதை அழுத்தியதும், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு எல்லாவற்றையும் என் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் சரிபார்க்கும். பிழையென்றால் சிவப்பு. சரியென்றால் பச்சை விழுந்து, படிவம் நிலையத்துக்குப் போகும். கிரியாட்டினின் கூடி நோய் முற்றியவர்களுக்கே அங்கே சிகிச்சைக்கு உட்காரக் கதிரை. மாதாமாதம் ஆட்களை மாற்றுவார்கள்.

என் மனைவி நிசாந்தினிக்கு ஒரு கதிரை கிடைத்திருந்தது. அது பறிபோனால் அவள் பிழைக்கமாட்டாள். பயத்தில் அந்த நிரலில் ஒரு வரி சேர்த்தேன். அவளைவிட அளவு கூடிய ஒருவர் பதிந்தால் பச்சைச் சரி விழும், படிவம் போகாது.

பதிந்தவர்கள் விசாரிக்கமாட்டார்களா என்று கேட்பீர்கள். வீட்டுத்திட்டத்துக்கு, காணிக்கு, காணாமல்போன பிள்ளைக்கு என்று பதிந்துவிட்டுக் காத்திருந்தே பழகிய சனம் இது.

இரணைமடுப் பக்கத்து ஞானேஸ்வரியக்கா மட்டும் கேட்டா. அவவின் கணவர் வீரபாகுவுக்கு நான்தான் படிவம் நிரப்பிக் கொடுத்தேன்.

“தம்பி, பச்சை விழுந்ததுதானே? இன்னும் கூப்பிடேல்லை. இவருக்கு மூச்சு விடவும் ஏலாமக் கிடக்கு.”

“ஓம் அக்கா. பொறுங்கோ, கூப்பிடுவினம்.”

வீரபாகுவின் செத்தவீட்டுக்கும் போனேன். பந்தலுக்கு வந்த கதிரைகளை இறக்கிக் கொடுத்தேன். அக்கா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா.

சிகிச்சையில் நிசாந்தினியின் அளவு இறங்கியது. சந்தோஷம்தான். ஆனால் அவள் தேறத் தேற, வெளியே நிற்பவர்கள் எல்லாரும் அவளைவிட மோசமானவர்கள் ஆகிவிடுகிறார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் அந்த வரியில் எண்ணைக் குறைத்தேன். கடைசியில் ஒரு படிவமும் போகவில்லை.

நேற்று நிலையத்தில் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். புதிய பதிவே வருவதில்லையாம், இங்கே நோய் குறைந்துவிட்டதாம், இயந்திரங்களை வேறு மாவட்டத்துக்கு ஏற்றப்போகிறார்களாம்.

“சனத்துக்குச் சுகம் வந்திட்டுதாக்கும், நல்லதுதானேப்பா,” என்றாள் நிசாந்தினி.

அதனால்தான் பொலிசுக்கு வந்தேன். எனக்கு என்ன தண்டனையும் தாருங்கள். முதலில் நிலையத்துக்குத் தொலைபேசியில் ஒரு கோல் எடுத்து, இங்கே நோயாளிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், ஐயா. நம்பாவிட்டால் ஞானேஸ்வரியக்காவைக் கேட்கட்டும். அவ எனக்காக வந்து சொல்லுவா.