மிர்தோவின் ஆந்தை முகம்

குழந்தையின் கன்னத்தில் பட்டாம்பூச்சி வரைவது பெரிய வித்தை இல்லை, ஐயா. பக்கத்தில் நிற்கும் அம்மாவின் வாயை மூடவைப்பதுதான் வித்தை. "மூக்குல கொஞ்சம் மினுமினுப்பு போடுங்க, எவாந்தியா அக்கா", "போன தடவை புலி சோகமா இருந்துச்சே" என்று தலைக்கு மேல் நின்று நச்சரிப்பார்கள். பிறந்தநாள் விருந்து நடத்தும் நம் கலமாதா ஊர் அம்மாக்களுக்கு ஆண்டவர் மூளையைத் தவிர மற்றதெல்லாம் அள்ளிக் கொடுத்திருக்கிறார்.

இந்தத் தொழிலை ஒற்றை ஆளாக வளர்த்தேன். கடற்கரைச் சாலையில் ஒரு மடக்கு நாற்காலியும் தகரப் பெட்டி நிறைய வண்ணங்களுமாக உட்கார்ந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் பெண்களுக்கு, அழகான குழந்தைக்குக் கண்பட்டுவிடும் என்று பயம். நான் பாடுபட்டு வரைந்த முகத்தின் மேல் "ஃப்தூ, ஃப்தூ" என்று துப்புவார்கள். சரி என்று காதோரம் ஒரு சின்ன நீலக் கண்ணை வரைந்து, இனி திருஷ்டி அண்டாது என்றேன். ஈ மொய்ப்பதுபோல் மொய்த்தார்கள். கண்ணேறு கழிக்கும் ஜெபத்தையும் மாமனாரிடம் கற்றுக்கொண்டேன். எங்களில் அது ஆணிடமிருந்து பெண்ணுக்கும், பெண்ணிடமிருந்து ஆணுக்கும்தான் போகும். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. விற்கிறவள் எல்லாவற்றையும் தின்றுபார்க்க வேண்டுமா என்ன.

பிறகு ஆர்தெமிஸ் வந்தாள். ஏதென்ஸில் படித்துவிட்டு, நோகாமல் நுங்கு தின்ன வந்தவள். முகத்தில் ஒட்டும் கற்கள் கொண்டுவந்தாள்; என் நீலக் கண்ணையும் கூசாமல் வரைந்தாள். ஒரே கோடையில் என் வாடிக்கையெல்லாம் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. தெஸ்பினாவின் மகள் மிர்தோவுக்கு, அவள் பேசத் தொடங்கியதிலிருந்து பிறந்தநாள்தோறும் நான்தான் வரைந்தேன். இந்த ஆகஸ்டில் தெஸ்பினா கூப்பிட்டுச் சொன்னாள்: "வரையறதுக்கு ஆர்தெமிஸைச் சொல்லிட்டோம் அக்கா. நீங்க விருந்தாளியா வாங்க. கேக் சாப்பிட்டுட்டு ஓய்வா உட்காருங்க."

வேலையைப் பிடுங்கிக்கொண்டு கேக் கொடுக்கிறாளாம். போனேன்.

அவர்கள் வீட்டுத் தோட்டத்துச் சுவரோரம் ஓர் அத்திமரம் நின்றது. அத்திக் காம்பை உடைத்தால் வடியும் பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் போட்டுவிடும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆர்தெமிஸ் காப்பி குடிக்க எழுந்தபோது, அவளுடைய வெள்ளை வண்ணக் கிண்ணத்தில் அந்தப் பாலை வடித்துக் கலக்கினேன். மறுநாள் நாலு கன்னம் சிவந்து அவள் பெயர் கெட்டால் போதும் என்பதுதான் என் எண்ணம். மிர்தோ ஆந்தை முகம் கேட்டாள். ஆந்தைக்குக் கண்ணைச் சுற்றித்தான் வெள்ளை. அதை நானா கேட்கச் சொன்னேன்?

ஓடியாடி வியர்த்ததும் வண்ணம் கண்ணுக்குள் இறங்கியது. குழந்தை முகத்தைக் கசக்கிக்கொண்டு அலறினாள்.

"கண்ணுதான் பட்டிருச்சு," என்றாள் ஒருத்தி. "பிள்ளை எவ்வளவு அழகுன்னு அந்த ஆர்தெமிஸ் சொன்னா, ஆனா துப்பவே இல்ல. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

தெஸ்பினா பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டாள். "நீங்கதான் கழிக்கணும் அக்கா, உங்களை விட்டா யாரு இருக்கா?"

"முகத்தைக் கழுவி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாமே," என்றார் மிர்தோவின் அப்பா.

"ஓதும்போது தண்ணி படக்கூடாது தம்பி. பிள்ளையை அசைக்கவும் கூடாது," என்றேன்.

பொறியாளர், பெரிய படிப்பு. அவரே போய்த் தண்ணீரும் எண்ணெயும் எடுத்து வந்தார்.

கழுவியிருந்தால் எரிச்சல் அடங்கியிருக்கும், ஆர்தெமிஸும் தப்பியிருப்பாள். அதனால் தண்ணீரில் எண்ணெயைச் சொட்டவிட்டேன், முணுமுணுத்தேன், கொட்டாவி விட்டேன். ஓதுகிறவளுக்குக் கொட்டாவி வந்தால் கண் பலமாகப் பட்டிருக்கிறது என்று பொருள். எனக்கு அதில் சிரமமே இல்லை; அந்தப் பெண்களின் பேச்சைக் கேட்டாலே வரும். பொழுது சாயும்வரை ஓதினேன். ஆர்தெமிஸ் அழுதுகொண்டே பெட்டியைக் கட்டினாள்; யாரும் அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

ஆம், ஐயா, நான்தான் செய்தேன். வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதுங்கள்: பெற்ற தாய் பக்கத்தில் இருந்தும், அழுது களைத்த மிர்தோ என் மடியில்தான் தூங்கினாள். தன்மேல் உண்மையான பாசம் யாருக்கு என்பது குழந்தைக்குத் தெரியும்.