தரைத்தளபதி

— அப்புறம் ரெண்டு விமானமும் ஒண்ணோட ஒண்ணு மோதிருச்சு. எதிரி ஒரு தோட்டா கூடச் செலவு பண்ணல.

— ஏங்க, அதுக்கு உங்கள ஏன் திட்டுறாங்க? ஓட்டினது அவங்கதானே.

— ஓட்டினது அவங்க. திட்டம் போட்டது நான். ரெண்டு பேருக்கும் ஒரே இடம், ஒரே உயரம், ஒரே நேரம் குறிச்சுக் குடுத்திருக்கேன். போய்ப் பாத்துப் பேசிட்டு வாங்கடான்னு அனுப்பி வச்ச மாதிரி.

— கம்ப்யூட்டர் விளையாட்டுதானே. அதுக்குப் போய்க் கூட விளையாடுற ஆறு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்களா?

— வாரம் பூரா காத்துக்கிட்டிருந்து, சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே செத்தா யாருக்கும் கடுப்பாத்தான் இருக்கும். இப்ப எனக்குப் பேர் வேற வச்சுட்டாங்க. தரைத்தளபதி.

— நல்லாத்தானே இருக்கு.

— நக்கல் அது. போர் விமானத்துக்கே வழி போட்டுக் குடுக்கிறவன் நிஜ விமானத்துல ஒரு தடவ கூட ஏறினதில்லன்னு எவனோ மோப்பம் பிடிச்சுட்டான்.

— மோப்பமெல்லாம் இல்ல. நான்தான் சொன்னேன். நீங்க குளிக்கப் போனப்ப ஹெட்போன்ல யாரோ கத்திக்கிட்டிருந்தாங்க. எடுத்துப் பேசினேன்.

— ரொம்ப சந்தோஷம். மகளோட பட்டமளிப்புக்குக் கிளம்பி, ஏர்போர்ட் வாசல்ல வயித்து வலின்னு உட்கார்ந்தேனே, அதையும் சொன்னியா?

— அதச் சொல்லல. உங்களோட நானும்தானே பெட்டிய உருட்டிக்கிட்டுத் திரும்பி வந்தேன். என் மானமும் அதுல இருக்கு.

— இந்தத் தடவயும் பாரு. அவளுக்கு முதுகுல ஆபரேஷன்னதும் விசாவுக்கு நானும் போய்க் கைரேகை வச்சேன். கடைசி நேரத்துல தைரியம் வந்தாலும் வரும்னு. விசாதான் வந்துச்சு.

— அத விடுங்க. நாளைக்குப் போற வழிய இதுல போட்டுக் காட்டுங்களேன்.

— இது போர் விமானத்துக்கு உள்ளது. மகளப் பாக்கப் போறியா, அவ ஊர்ல குண்டு போடப் போறியா?

— விளையாடாதீங்க. நெஞ்சு படபடங்குது. எப்படிப் போகும்னு தெரிஞ்சா கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.

— சரி, அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உட்காரு. முதல்ல புதுத் திட்டம்னு திறக்கணும். பேர் கேக்குது பாரு.

— மகள் பேரையே வைங்க.

— வச்சாச்சு. இங்க கிளம்புறோம், அங்க இறங்குறோம். நடுவுல இப்படிப் புள்ளி வச்சுக்கிட்டே போகணும். எந்தப் புள்ளிய எத்தன மணிக்கு எவ்வளவு உயரத்துல தாண்டணும்னு எழுதணும்.

— நடுவுல பூரா நீலமா கிடக்குதே.

— கடல்.

— ஏதாச்சும் ஆனா எங்க இறங்குவாங்க?

— அதுக்குன்னே வேற ஓடுதளம் பாத்து வச்சிருப்பாங்க. இந்தத் தீவுல ஒண்ணு, இதோ இங்க ஒண்ணு. ஒரு எஞ்சின் நின்னாக்கூட இன்னொண்ண வச்சு அங்க போய்ச் சேர்ற மாதிரிதான் வழியே போடுவாங்க.

— பெட்ரோல் தீர்ந்துட்டா?

— சுத்தி அலையறதுக்கும் சேர்த்தே ஊத்துவாங்க. ஊத்தச் சொல்லி எழுத மறந்தது நான் ஒருத்தன்தான். போன மாசம் ஆறு பேரும் வரிசையா வயல்ல இறங்கினாங்க. நிஜத்துல என்ன மாதிரி ஆள இந்த வேலைக்கு வைக்க மாட்டாங்க. அதவிட என்ன பாதுகாப்பு வேணும் உனக்கு?

— ரொம்ப ஆடுமாமே.

— ஆடும். மேடு பள்ளத்துல பஸ் ஆடுற மாதிரி. றெக்க வளையுதேன்னு பயப்படக் கூடாது. வளையறதுக்குத்தான் செஞ்சிருக்காங்க.

— இது கிளினிக்ல பேசுற குரல். வலிக்காது, வாயத் திறங்கன்னு.

— பல் டாக்டர் அதுல கொஞ்சம் பொய் சொல்லுவான். இதுல பொய்யே இல்ல. வருஷக் கணக்கா இதத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன்.

— அப்புறம் ஏன் நீங்க மட்டும் ஏற மாட்டேங்குறீங்க?

— அங்க என் கையில ஒண்ணுமே இல்லையே. என் நாற்காலியில மல்லாந்து படுக்கிறவங்களப் பாத்து எனக்கு ஆச்சரியமா இருக்கும். யாருன்னே தெரியாத ஒருத்தன் கையில மிஷினோட குனியறான், இவங்க பாட்டுக்குக் கண்ண மூடிக்கிறாங்க. எனக்கு அது வரமாட்டேங்குது.

— நேத்து அவ உங்ககிட்ட எப்படிப் பேசினா?

— சிரிச்சுக்கிட்டேதான். அந்த வயல் கதையச் சொன்னேன். போதும்ப்பா, சிரிச்சா முதுகு வலிக்குதுன்னா.

— ஃபோன வச்ச உடனே எனக்குப் போட்டா. அழுதா.

— எதுக்கு?

— மாப்பிள்ளை கப்பல் வேலையில மாட்டிக்கிட்டார். ஆபரேஷன் அன்னிக்கு வர முடியாதாம். கண்ணு முழிக்கும்போது பக்கத்துல நான் இருந்தா, அவளுக்கு முன்னாடி நான் அழுதுருவேனாம்.

— தப்பாச் சொல்லலையே. அவளுக்குச் சின்ன வயசுல ஊசி போட்டப்ப நர்ஸ் உனக்குத்தான் தண்ணி குடுத்தாங்க.

— அதத்தான் அவளும் சொன்னா.

— அழாம இரு, அவ்வளவுதான். பாரு, முடிஞ்சுது. பதினோரு மணி நேரம். பிரிண்ட் எடுத்துத் தரேன், கைப்பையில வச்சுக்கோ. ஜன்னலோரமா உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியா அடிச்சுக்கிட்டே வா. பயப்பட நேரமே இருக்காது.

— நெஜமாவே பயப்பட ஒண்ணும் இல்லல்ல?

— ஒண்ணுமே இல்ல. நான் சொல்றேன்ல. தாள்ல மேல யார் போறாங்கன்னு பேர் போடணும். உன் பேரப் போடுறேன்.

— உங்க பேரப் போடுங்க. டிக்கெட்ட உங்களுக்குத்தாங்க எடுத்திருக்கேன். அப்பாவ அனுப்பி வைம்மான்னுதான் அவ அழுதா.