தலைக்கவசம் போட்ட பிணமும் பொன்னாடை போர்த்திய பிணங்களும்

நான் வாயைத் திறக்கும் முன்பே தலையசைக்கத் தொடங்கிவிட்ட, நறுமுகைத் தமிழ் மன்றத்தின் தலைவர், பெருமதிப்பிற்குரிய மாரிசாமி ஐயா அவர்களே. எனக்கு ஏழு நிமிடம் மட்டுமே என்று சீட்டு எழுதி நீட்டியிருக்கும் செயலாளர் கணேஷ்குமார் அவர்களே. முன்வரிசையில் பொன்னாடைக்காகப் பொறுமையோடு காத்திருக்கும் சான்றோர்களே. சீரியலைத் துறந்து வந்திருக்கும் தாய்மார்களே. சார்ஜ் போட இடம் தேடிச் சுவரோரம் ஒதுங்கிய இளைஞர்களே. பூக்கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் கௌரம்மா அவர்களே, உங்கள் எல்லோர்க்கும் இந்த மைசூரு மாலையின் வணக்கம்.

பூக்காரம்மாவை எதற்கு இத்தனை பேர் நடுவில் பெயர் சொல்லி விளிக்கிறேன் என்று செயலாளர் நெற்றியைச் சுருக்குகிறார். பொறுங்கள். ஏழு நிமிடத்தில் இன்னும் ஆறு இருக்கிறது.

இன்று இங்கே திரையிட வேண்டிய குறும்படம் ‘பல் படாமல்’. அக்ரஹாரத்து வாமனும் மண்டி மொஹல்லா ஸஞ்சனாவும் எடுத்து, நடித்த படம். பதினேழு நிமிடம். செத்தவர்கள் எழுந்து நடந்து, இருப்பவர்களைக் கடித்துத் தம் கட்சியில் சேர்த்துக்கொள்ளும் ஜோம்பி படம். ஆண்டுவிழாக் குறும்படப் போட்டியின் நடுவர் என்ற முறையில் நான் முன்பே பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கிறதா? இல்லை. ரத்தம் என்று அவர்கள் காட்டுவது தக்காளி சாஸ். பார்த்த எனக்குப் பஜ்ஜி நினைவு வந்தது. ஒரு பிணம் துரத்தலின் நடுவே செல்போனை எடுத்து மணி பார்க்கிறது. வாமன், சிரிக்காதே. மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. நாயகனை ஒரு பிணம் கடித்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் தானும் பிணமாவோம், காதலியையே கடிப்போம் என்று அவனுக்குத் தெரிகிறது. என்ன செய்கிறான்? வசனம் பேசுகிறானா? வானத்தைப் பார்த்து அழுகிறானா? முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டை மாட்டுகிறான். கண்ணாடியை இறக்கிவிட்டு, வாரை இறுக்குகிறான். பிணத்துக்கு வாரைக் கழற்றத் தெரியாதல்லவா? மைசூரு வரலாற்றில் ஓர் இளைஞன், போலீஸ் நிற்காத சந்தில் ஹெல்மெட் வாரை மாட்டியது இதுவே முதல்முறை. அந்தப் பெண் அவனைத் தன் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து ஊரைவிட்டுப் போகிறாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவன் கடிக்கப் பாய்கிறான்; அவன் ஹெல்மெட் அவள் ஹெல்மெட்டில் இடிக்கிறது. டொக். அடுத்த தடை. டொக். அந்தச் சத்தம்தான் படத்தின் காதல் பாட்டு. என்ன அங்கே, தாய்மார்கள் பக்கம் பெருமூச்சு? அதற்கு மட்டும் நானும் மதிப்பெண் போட்டேன்.

பிறகு எங்கே வந்தது வம்பு? உடையில் வந்தது. நாற்பது பிணங்களுக்கு உடை வேண்டும். நம் மன்றத்து அலமாரியில் பொன்னாடைகள் அடுக்கடுக்காக இருப்பது ஊருக்கே தெரியும். ஏன் இருக்கின்றன? மேடையில் போர்த்துவோம், மகிழ்வோம், கைதட்டுவோம். படியிறங்கும்போது செயலாளர் கை நீட்டுவார், கழற்றிக் கொடுத்துவிடுவோம். நம் மரபு அது. பிள்ளைகள் தலைவரிடம் அலமாரியைக் கேட்டார்கள். தலைவர் தலையசைத்தார். எடுத்துக்கொண்டார்கள்.

விடியற்காலை மண்டி மொஹல்லா சந்தில், பொன்னாடை போர்த்திய நாற்பது பிணங்கள், வாய் பிளந்து, கை தொங்க, ஆடி ஆடி வருகின்றன. படம் எடுப்பது அறியாமல் பூக்கூடையோடு எதிரே வந்த கௌரம்மா ஒதுங்கி நின்று கேட்டார்: “ஏன் கண்ணா, மன்றத்துப் பெரியவங்கல்லாம் இவ்ளோ சீக்கிரம் எந்திரிச்சிட்டாங்களா? மீட்டிங் கீட்டிங் இருக்கா?”

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. உறுமலும் ஓலமுமான அந்தப் படத்தில் மனிதர் பேசும் வசனம் அது ஒன்றுதான்.

கொதித்தது செயற்குழு. கூடியது விசாரணை. திருட்டு என்று எழுதப் போனார்கள். தலைவர் தலையசைத்தால் அது மன்றத்தின் ஆணை என்று விதி ஒன்பது தடுத்துவிட்டது. ஆகவே தீர்ப்பு: கௌரம்மாவின் வரியை வெட்ட வேண்டும், பிள்ளைகள் இந்த மேடையில் மன்னிப்பு வாசிக்க வேண்டும். இல்லையென்றால் படம் ஓடாது. அவர்கள் வாசிக்க வரும்வரை நேரத்தை நிரப்ப அழைக்கப்பட்டவன்தான் நான். இரண்டாம் சீட்டு வந்திருக்கிறது. நன்றி, வைத்துக்கொள்கிறேன்.

சற்றுமுன் மேடைக்குப் பின்னால் ஸஞ்சனா ஒரு தாளோடு வந்தாள். “சார், இது சரியா இருக்கா பாருங்களேன். தமிழ் எழுத்து வரல, அதான் கன்னட எழுத்துல எழுதிட்டேன். இதப் படிச்சா படம் போட்டுடுவாங்கல்ல?”

“இருக்கறதே ஒரு டயலாக்கு சார்,” என்றான் வாமன். “பாவம், கௌரம்மா கடைய மூடிட்டு வந்திருக்காங்க, தன்னப் பாக்க.”

“சும்மா இரு மாராயா. இப்ப வெட்டிடலாம். அடுத்த படத்துல பாத்துக்கலாம்,” என்று அவனை அடக்கினாள் ஸஞ்சனா.

அடுத்த படத்தில். இந்தச் சொல்லை எங்கே கேட்டிருக்கிறேன்? என் வாயிலேயே கேட்டிருக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே மேடையில், என் நாடகத்திலிருந்து ஒரு வரியை எடுக்கச் சொன்னார்கள். சொன்னவர் பெயரைச் சொல்வது நாகரிகமில்லை. சீட்டு எழுதுவதில் வல்லவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எடுத்தேன். மன்னிப்பு வாசித்தேன். கைதட்டினீர்கள். பொன்னாடை போர்த்தினீர்கள். படியில் வாங்கிக்கொண்டீர்கள். அடுத்த நாடகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாடகம் எங்கே? இல்லை. அந்த வரி என்ன? இந்தத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு நேற்று முழுக்க யோசித்தேன், வரவில்லை. கோபம் நினைவிருக்கிறது, கோபப்பட்ட தேதி நினைவிருக்கிறது, வரி போய்விட்டது. அன்றிலிருந்து ஆண்டுவிழாதோறும் வருகிறேன், இரண்டாம் வரிசையில் அமர்கிறேன், எல்லோரும் தட்டும்போது தட்டுகிறேன். என் மேல் யாருடைய பல்லும் படவில்லை. ஆனாலும் இப்படி நடமாடுகிறவனுக்கு என்ன பெயர் ஸஞ்சனா? பதினேழு நிமிடம் அதைத்தானே காட்டியிருக்கிறாய்?

உன் தாளைத் திருத்தச் சொன்னாய் அம்மா. திருத்திவிட்டேன். அது என் சட்டைப் பையில் நான்காகக் கிழிந்து கிடக்கிறது.

தலைவர் ஐயா, தங்களிடம் பணிவோடு கேட்கிறேன். மன்னிப்பு வாசிக்காமல், கௌரம்மாவின் வரியை வெட்டாமல், படம் இப்போதே ஓடலாம் அல்லவா?

பார்த்தீர்களா? அவையோர் எல்லோரும் பார்த்தீர்களா? தலைவர் தலையசைத்துவிட்டார். விதி ஒன்பது. செயலாளர் அவர்களே, உட்காருங்கள். படியில் கை நீட்டவும் வேண்டாம். எனக்குப் போர்த்திய இந்தப் பொன்னாடை, படத்தின் ஒரே வசனத்துக்குச் சொந்தக்காரரான கௌரம்மாவுக்குப் போகிறது. அம்மா, இதை யார் கேட்டாலும் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

ஏழு நிமிடம் தந்த மன்றத்துக்கும், பதினைந்து நிமிடம் பொறுத்த உங்களுக்கும் நன்றி. இருட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் கடித்தால் மன்றம் பொறுப்பல்ல. வணக்கம். விளக்கை அணையுங்கள்.