சிவப்புத் துணி இல்லாத வரிசை

கையுறை இல்லாமல் தொடாதீர்கள் என்று கான்ஸ்டபிளின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். மூன்றாவது வரிசை முட்டைக்கோஸைப் பிடுங்கக் குனிந்திருந்தார், பாவம். தோட்டத்தில் புழங்கிய பழக்கம் சார், வேறொன்றுமில்லை.

இன்ஸ்பெக்டர் நீங்கள்தான் என் வார்த்தையைச் சட்டென்று பிடித்துக்கொண்டீர்கள்.

"துணி முதல் வரிசையில இருக்கு. மூணாவதுலதான் மருந்துன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு சட்டம். மாமா, அதாவது அக்காவின் கணவர், எந்த வரிசைக்குப் புழு மருந்து அடிக்கிறாரோ அதன் தலைப்பில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார். துணி அவிழும்வரை அங்கே யாரும் கத்தி வைக்கக் கூடாது. முட்டைக்கோஸ் இலைமேல் இலையாக மூடிக்கொள்ளும். உள்ளே இறங்கிய மருந்து கழுவினாலும் போகாது. "உங்க மாமா பேச்சைவிட அந்தத் துணியைத்தான்டா நம்புறேன்" என்று அக்கா கேலி செய்வாள்.

அவர்கள் வீட்டுப் பின்னறையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். போன வாரம் சாப்பிடும்போது மாமா கேட்டார்.

"நாப்பது வயசாச்சு மச்சான். வேற இடம் பாக்குற உத்தேசம் இருக்கா, இல்ல எங்களைப் பாக்கச் சொல்றியா?"

அக்காவும் சிரித்தாள்.

வீட்டை விட்டுப் போகவேண்டியவர் அவர்தான் என்று அப்போதே முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை மூன்றாவது வரிசைக்கு மருந்து அடித்துவிட்டு அவர் வேலைக்குப் போனார். நான் குச்சியைப் பிடுங்கி முதல் வரிசையில் நட்டேன். அவ்வளவுதான். மருந்தை நான் தொடவே இல்லை. அக்காவுக்கு இரண்டு நாள் வாந்தி, அப்புறம் மாமாமேல் சந்தேகம், அப்புறம் சண்டை. நான் போட்ட கணக்கு இதுதான். இப்போது அவள் பிணவறையில். மனைவியைக் கொன்றவர் என்று மாமா உங்கள் ஸ்டேஷனில். இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னும் ஒன்று. மாமாவிடம் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார்.

அக்காவுக்குக் கோஸைப் பச்சையாக நறுக்கிச் சாப்பிடத்தான் பிடிக்கும். முதல் வாய் மென்றதுமே தட்டைத் தள்ளிவிட்டாள்.

"கசக்குதுடா. எதுக்கும் வரிசையைப் பாத்துட்டு வா."

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"சரியான வரிசைதான்க்கா, சாப்பிடு" என்று சொல்லி, கொஞ்சம் உப்புத் தூவி, தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.