பங்கரில் இடம் இருந்தது

சைரன் அலறுகிறது. ஓடுகிறேன். பகல் பதினொன்றேகால். வானத்தில் மோட்டார் சைக்கிள் போல ஒரு ட்ரோனின் இரைச்சல். தலைக்கு மேலே வந்ததும் அது நிற்கிறது. நின்றால் ட்ரோன் விழப்போகிறது; அதுதான் பயம்.

நான் கலஹாத் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவன். வளைகுடாவில் ஒரு வல்லரசின் ராணுவ முகாமில் உடுப்புக் கழுவினேன். என்னோடு ஓடியவர் நிஸார். எங்கள் பக்கத்து ஊர், கட்டுகஸ்தோட்டைக்காரர். முகாமின் சமையல்காரர். பின்னால் ஒரு நேபாளி. கூட்டித் துடைப்பவர்.

குண்டுக்குப் பதுங்கும் பங்கரின் வாசலில் ஒரு சிப்பாய் கை நீட்டி மறித்தான்.

"ஆர்மிக்கு மட்டும்! அந்தப் பக்கம் போ!" ஆங்கிலத்தில் கத்தினான்.

சமையல்கூடப் பக்கம் திரும்பினோம்.

"குப்புறப் படு மச்சான்!" இது நிஸார்.

படுத்தேன். ஒரே வெடி. வாயெல்லாம் மண். தலையைத் தூக்கினால் சமையல்கூடச் சுவர் இல்லை. கல்லுக்கு அடியில் நிஸாரின் கால் தெரிந்தது. பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. நேபாளி இன்னும் தள்ளிக் கிடந்தார். பங்கர் கதவு திறந்தது. உள்ளே பார்த்தேன். உட்காரும் வாங்குகளில் பாதி காலி.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு ராணுவ அதிகாரியிடம் நிஸார் கேட்டிருந்தார், இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள் என்று. இந்த நாடு எங்கள் நண்பன், காவல் காக்கிறோம் என்றானாம். எண்ணெய்க் கப்பல் போகும் வழியையும் காக்கிறார்களாம். எதிரியை இங்கேயே மறித்தால் அவர்கள் ஊர்வரை வரமாட்டானாம்.

"அவங்கட ஊருக்குப் போற அடி இங்க விழணுமாம் மச்சான்," என்றார் நிஸார். "இங்க நாங்கதானே இருக்கோம்." அவர் சிரிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். நிஸாரின் மனைவி ரிஸ்னா கதிரையை இழுத்துப் போட்டார். என்னை நானா, அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்.

"அந்த பங்கர்ல இடம் இருந்திச்சா நானா?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை.

"இருந்துச்சுங்க."

ரிஸ்னா எழுந்து உள்ளே போனார். அழும் சத்தம் கேட்டது. அந்தச் சிப்பாயை நான் மன்னிக்கவில்லை. அவனை அங்கே அனுப்பியவர்களையும்.

தாக்குதலில் உயிர்ச்சேதம் இல்லை என்று முகாம் அறிவித்தது. சிப்பாய்களை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். நான் எண்ணுகிறேன். நிஸார், ஒன்று. நேபாளி, இரண்டு. அவருடைய பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. இனிக் கேட்காத என் இடது காது. நிஸாரின் இரண்டு பிள்ளைகள் இழந்த வாப்பா.