வரையாத மணல்திட்டு

ஓம் ஓம், நான்தான் அந்தக் கேமைச் செய்தது. ஏன் ஐயா, பொம்பிளையா எண்டு பாக்கிறீங்களோ? அந்தக் கதிரையில இருங்கோ, மற்றதுக்குக் கால் ஆடும். அடம்பனில இருந்து பஸ் மாறி மாறி வந்து களைச்சுப்போனீங்கள். தேத்தண்ணியைக் குடியுங்கோ. இந்தாங்கோ, கேமில வெண்டதுக்கு உங்கட பரிசு, புது ஃபோன். பெட்டியை உடைச்சே பாருங்கோ, பொய்யில்லை.

என்ன கொம்பனி, நான் ஒருத்திதான். படம் கீறுறது, கோட் எழுதுறது, சத்தம் போடுறது எல்லாம் இந்த மேசையிலதான். அந்த எஞ்சின் சத்தம் இஞ்ச பேசாலைக் கரையில, சுபாஸ் அண்ணாவின்ர வள்ளத்தில பதிஞ்சது. இந்தியாவில மண்டபம் அகதி முகாமில இருக்கேக்க கொம்பியூட்டர் படிச்சனான். திரும்பி வந்து குடியேறின பிறகு, கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் இதோடதான் கிடந்தனான். முதல் விட்டது மலிவு ஃபோன் எல்லாத்திலயும் தொங்கிப்போச்சு. திருத்தி விட்டா, ஒரே இருட்டாக் கிடக்கு எண்டு ஒரு நட்சத்திரம் போட்டு ஏசுறாங்கள். தொண்ணூறாம் ஆண்டு அகதியா வள்ளம் ஏறினவைக்கு இருட்டை விட வேற என்ன தெரிஞ்சது?

ஏன் செய்தனான் எண்டோ? பரவாயில்லையே, இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லை. சொல்லுறன். எங்கட குடும்பம் ரெண்டு வள்ளத்தில ஏறினது. முதல் வள்ளத்தில அப்பாவும் நானும். இடமில்லை எண்டு அம்மாவும் கைக்குழந்தைத் தம்பியும் பின்னால வந்த வள்ளத்தில. நாங்கள் போய்ச் சேந்தம், அவை வரேல்லை. அந்த வள்ளத்தில தப்பினது அகஸ்ரினா அக்கா மட்டும்தான். வெறும் எண்ணெய்க் கான் ஒண்டைப் பிடிச்சு மிதந்த அவவை இந்திய மீனவர் தூக்கினவை. வள்ளம் ஓட்டினவன் எல்லாரையும் ஒரு குட்டி மணல்திட்டில இறக்கி, அங்கால இருந்து ஆக்கள் வந்து ஏத்துவினம் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிட்டானாம். கடல்தண்ணி இறங்கிற வத்துக்குத்தான் அந்தத் திட்டு வெளியில தெரியும், தண்ணி ஏறுற பெருக்கு வந்தா மூடிப்போகும். இருட்டில அவன்ர முகத்தை அவ பாக்கேல்லை. அவனைக் கண்டுபிடிக்கத்தான் ஐயா இந்தக் கேம்.

சிரிக்காதேங்கோ, கேம் வச்சும் ஆள் பிடிக்கலாம். நேவிக்குத் தெரியாமச் சனத்தைக் கொண்டுபோய்த் திட்டில இறக்கிறதுதானே விளையாட்டு. விளையாடுற எல்லாரும் எந்தப் பக்கம் ஓட்டினவை, எதில இறக்கினவை எண்டு என்ர கொம்பியூட்டருக்கு வந்து சேரும். கண்ணுக்குத் தெரியிற பெரிய திட்டுகளிலதான் எல்லாரும் இறக்கிறவை. ஆனா அம்மாவையும் தம்பியையும் இறக்கின அந்தத் திட்டை மட்டும் நான் கீறேல்லை. அகஸ்ரினா அக்கா சொன்னதை வச்சு, குத்துமதிப்பா, வெறும் தண்ணியா விட்டனான். சனம் எத்தினையோ ஆயிரம் பேர் விளையாடிச்சுது, ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பேல்லை.

நீங்கள் திரும்பினீங்கள். ஒருக்கா இல்லை, ஒவ்வொருக்காவும். எட்டத்திலயே எஞ்சினை நிப்பாட்டி, நீரோட்டத்தில வள்ளத்தை விட்டு, மெல்ல ஒதுக்கி, எந்த நேரமும் அந்தத் திட்டின்ர வடக்கு மூலையிலதான் சனத்தை இறக்கினீங்கள். நீரோட்டம் இழுக்கும் எண்டு கேமில நான் ஒரு இடத்திலயும் சொல்லித்தரேல்லை. தோட்டம் வயல்தான் தெரியும், கடல் பக்கமே போனதில்லை, காவல் கொட்டிலில பொழுதுபோகத்தான் விளையாடுறன் எண்டு ஃபோனில சொன்னீங்களே ஏரம்பு ஐயா.

கை போன போக்கில ஓட்டினதோ? அதைத்தான் நானும் நினைச்சனான், பழகின கை மறக்கேல்லை எண்டு.

ஏன் இப்பிடி வேர்க்குது, காத்தாடியைக் கூட்டிவிடவோ? பயப்பிடாதேங்கோ, பொலிசுக்கு ஒண்டும் சொல்லேல்லை. எனக்குச் சொல்லத்தான் விருப்பம் ஐயா, ஆனா அப்பா வேண்டாம் எண்டிட்டார். இண்டைக்கு மரித்தோர் திருநாள். ஊர்ச்சனம் முழுக்கச் சவக்காலையில மெழுகுதிரி கொளுத்தும். எங்களுக்குக் கொளுத்த ஒரு இடமில்லை. வருசா வருசம் அப்பா இந்த நாளில சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருப்பார். இந்த முறை அந்த இடத்துக்கே கொண்டுபோய்க் கொளுத்தப்போறாராம்.

வாசலை மறைச்சுக்கொண்டு நிக்கிறவர் அவர்தான், அருளப்பு. உங்களுக்கு அவரைத் தெரிஞ்சிருக்காது, அவர் முதல் வள்ளத்தில போனவர்.

எழும்புங்கோ. கரையில வள்ளம் ஆயத்தமா நிக்குது, போய்ச் சேர நல்ல வத்தாயிருக்கும், அந்த மூலையை நீங்களே இறங்கிக் காட்டலாம். பெருக்குக்கு முன்னம் அப்பா திரும்பி வந்திடுவார். வரேக்க உங்களை ஏத்துவாரோ எண்டு நான் கேக்கேல்லை ஐயா. அதை நீங்கள் அவரைத்தான் கேக்க வேணும்.